என் வண்டியில் ஏறிய சோம்ராவும் அவர் மகளும்

போன வாரம் எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நடத்துநர் ஒருவர் போனில் கூப்பிட்டார். மூணாறு வண்டிக்குப் போட்டிருக்கிறார்களாம்.

"அண்ணே, மேல போற வண்டியில பாதிக்குப் பாதி இந்திக்கார ஆளுகதான். சீட்டுல ஒக்காந்தா நம்மாளுக எந்திரிக்கச் சொல்றாக. நான் வேணாம்னு சொன்னா, 'ஒனக்கு அவன் மாமனா மச்சானா'ன்னு கேக்குறாக. நீங்க எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

"டிக்கெட் எடுத்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாலு பேர் சட்டையைப் பிடிக்க வரும்போது படிக்கட்டில் நிற்கிறவனுக்கு அந்த ஒரு வரி போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. அப்பாவுக்குக் கிணறும் காடும் இருந்தன. எனக்கு மண்வெட்டி பிடிக்க மனமில்லை. நடத்துநர் பேட்ஜ் எடுத்தேன், வேலைக்குக் காத்திருந்தேன், தேனிப் பக்கம் டவுன் பஸ்களில் தினக்கூலியாக அலைந்தேன், பிறகு நிரந்தரமாகிப் போடிக் கிளைக்கு வந்தேன். அதையெல்லாம் விரிக்கப் போவதில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் எனக்குப் போடி - மூணாறு வண்டிதான்.

மலை வண்டியில் நடத்துநர் வேலை டிக்கெட் கிழிப்பதோடு முடியாது. ஒத்தை விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் எடு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கொண்டையூசி வளைவில் எதிரே லாரி வந்து மாட்டிக்கொண்டால் நாங்கள் பின்னுக்கு வர வேண்டியிருக்கும். அப்போது நடத்துநர் கீழே இறங்கி, வண்டியின் பின்பக்கம் ஓரமாக நின்று, தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டே "வரலாம், வரலாம்" என்று சொல்ல வேண்டும். தட்டுகிற சத்தம் நின்றால் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடுவார். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பவன் நான் ஒருவன்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் எவன் எந்த ஊர், எவன் என்ன பாஷை என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. மொத்த வண்டியும் என் உள்ளங்கைச் சத்தத்தை நம்பித்தான் பின்னால் வரும்.

எங்கள் கிளை மேலாளர் ஞானசேகரன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சிரித்துப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. கூட்டுகிறவர் முதல் ஓட்டுநர் வரை எல்லாரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். புகார் வந்தால் நம்மை எதிரே உட்காரவைத்து, பேனாவை மூடியோடு மேசையில் வைத்துவிட்டு, முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அவர் அறைக்குள் போக எல்லாருக்கும் பயம். பொய் சொல்லப் போகிறவனுக்குக் கூடுதல் பயம்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அணைப் பிரச்சினை கொதித்த வருடத்தில் ஒரு பகல் எங்கள் வண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன பஜாரில் மாட்டிக்கொண்டது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக மலைச்சரிவில் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்த சமயம். பயணிகள் பயந்து ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிட்டார்கள். காக்கிச் சட்டையோடு நானும் ஓட்டுநர் வேலுச்சாமி அண்ணனும் மட்டும் நின்றோம். "பாண்டிகள் எவிடே?" என்று தமிழர்களைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் வருகிற சத்தம் கேட்டது. நாங்கள் தினமும் டீ குடிக்கிற கடைக்காரம்மா ஏலியாம்மா, எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்து அடுக்களைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே போய், "இவிடெ ஆரும் இல்லா, சாயை வேணோ?" என்று, உள்ளே யாருமே இல்லாத மாதிரி, அந்தக் கூட்டத்துக்கே டீ ஊற்றினார். கதவு இடுக்கில் பார்த்தேன். ஊற்றுகிற கை நடுங்கியது. டீ தட்டில் சிந்தியது. அவர்கள் போன பிறகு உள்ளே வந்து எங்களிடம் கேட்ட முதல் வார்த்தை, "சோறு உண்டோ?" என்பதுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மீன்குழம்பு ஊற்றித் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்தார். எங்களைப் பார்த்து அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பசிக்கிற நேரம் என்று மட்டும் பார்த்தார். அது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

பிறகு சில வருடங்களில் மலையில் ஆள் மாறியது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போக, ஏலக்காய் எடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தார்கள். வண்டியில் பேச்சும் மாறியது. அசாம் பையன்களைப் பார்த்து, "சீனாக்காரன் ஏறிட்டான்டா" என்று சிரிப்பார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடிப்பார்கள். நான் இந்தி கொஞ்சம் பழகிக்கொண்டேன். எங்கே போகணும், உள்ளே வாங்க, பார்த்து இறங்குங்க, அவ்வளவுதான். ஆனால் ஒருவரின் பாஷையில் "பார்த்து இறங்குங்க" என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை என்னைக் குரங்கணி டவுன் பஸ்ஸுக்குப் போட்டிருந்தார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி. ஒரு ஜார்க்கண்ட் பெண்ணுக்கு இலவச டிக்கெட் கொடுத்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏப்பா, நம்ம வரிப்பணத்துல அவளுக்கு எதுக்கு ஓசி?"

"அய்யா, உத்தரவுல பொம்பளைகளுக்குன்னுதான் போட்டிருக்கு. எந்த ஊருப் பொம்பளைன்னு போடலையே."

"ஒனக்கு வாய் சாஸ்தி."

"வேலை அப்படிங்கய்யா. ஒக்காருங்க, வளைவு வருது."

வண்டியே சிரித்தது. அவரும் உட்கார்ந்தார். இது சுலபமான வெற்றி. எல்லா நாளும் இப்படி முடியாது என்று எனக்குக் காட்டிய நாள் ஒன்று உண்டு.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனுக்குச் செல்போன் வீடியோ பறந்துகொண்டிருந்தது. அத்தனையும் பொய் என்று போலீசார் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு மத்தியானம் நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். பூப்பாறை தாண்டி ஒரு எஸ்டேட் நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார். முப்பது வயது இருக்கும். தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவர் பேர் சோம்ரா என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். "போடி ஆஸ்பத்திரி" என்று டிக்கெட் கேட்டார். குழந்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது.

போடிமெட்டு வரை அழுகை நிற்கவில்லை. வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. குழந்தை பட்டுப் பாவாடை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, கன்னத்தில் மைப்பொட்டோடு இருந்தது. அழுததும் தமிழில்தான்: "அம்மாட்ட போகணும்... அம்மாட்ட போகணும்..." சோம்ரா சமாதானப்படுத்தியதோ வேறு பாஷையில்.

முதலில் சத்தம் போட்டவர் பேச்சியம்மாள். ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போய்வருகிற அம்மா. தினமும் பார்க்கிற முகம்.

"கண்டக்டரே! இது நம்ம புள்ளை மாதிரி இருக்கு. இவன் யாரு?"

அவரே எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "யாத்தா, இது யாரு? ஒங்கப்பாவா?"

மிரண்டுபோன குழந்தை தலையை ஆட்டியது. ஆமாம் என்று ஆட்டியதா, இல்லை என்று ஆட்டியதா என்று எனக்கே விளங்கவில்லை. "பாபா" என்று மட்டும் ஒரு சொல் வந்தது. அவர்கள் பாஷையில் அதுதான் அப்பா என்று பிறகுதான் தெரிந்தது.

"பாத்தீகளா! அப்பான்னு சொல்லலை. தமிழ் பேசுற புள்ளைக்கு இவன் எப்படி அப்பன் ஆவான்?"

அவ்வளவுதான், வண்டி எழுந்துவிட்டது. பின் சீட்டில் ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். இன்னொருவர் யாருக்கோ போன் போட்டு, "மூணாறு வண்டியில வச்சிருக்கோம், கீழ ஆளுகளக் கூப்பிட்டு நில்லுங்க" என்றார். சோம்ரா எழுந்து நின்று, "மேரா பேட்டி, பாபு, மேரா பேட்டி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் மகள் என்கிறார். சொல்லிக்கொண்டே கையில் இருந்த டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். பிறகு பேச்சியம்மாளிடம் நீட்டினார். படம் எடுக்கிற பையனிடமும் நீட்டினார். தான் தப்பு செய்யவில்லை என்று காட்ட அவரிடம் இருந்தது அது ஒன்றுதான் போல.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் அப்பாதான் என்று எனக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு நான் அவர் பக்கம் நிற்கவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான். யாராவது சத்தம் போடும்போதெல்லாம் அந்தக் குழந்தை அவர் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. ஒருவன் குழந்தையைப் பிடுங்கப் போனபோது அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு போகிறவன் நெஞ்சில் ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ளுமா? அந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்தேன். எங்களுக்குத்தான் பயந்தது.

நான் போய் நடுவில் நின்றேன். "யாரும் தொடக் கூடாது. வண்டி நேரா போடி ஸ்டேஷனுக்குப் போகும். அங்க விசாரிக்கட்டும்."

"அவனுக்கு ஏன் பரிஞ்சு பேசுறீக?" என்று கத்தினார் பேச்சியம்மாள்.

"அக்கா, ஒங்க பயம் எனக்குப் புரியுது. உங்க பேரன் திருவிழாவுல காணாமப் போயிக் கிடைச்சதை நீங்கதான் எங்கிட்டச் சொன்னீங்க. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான கேக்குறீங்க? நானும் அதைத்தான் கேக்குறேன். கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க, புள்ளை தொண்டை வறண்டு கெடக்கு."

பேச்சியம்மாள் பைக்குள் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். சோம்ராவிடம் கொடுக்கவில்லை. பரவாயில்லை, தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

சோம்ராவையும் குழந்தையையும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால் உட்காரவைத்தேன். வேலுச்சாமி அண்ணன் திரும்பாமலே கேட்டார்: "மாப்ளே, நிப்பாட்டணுமா?"

"எங்கயும் நிப்பாட்டாதீங்கண்ணே. நான் விசில் குடுத்தாத்தான்."

முந்தல் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் நான் பயந்தது நடந்தது. ஒரு ஊருக்கு முன்னால் சாலையின் குறுக்கே மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி ஒரு கூட்டம். சிலர் கையில் கட்டை. அந்த ஊரின் பேரைச் சொல்லப் போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். வண்டி நின்றது. நான் இறங்கி, கதவை வெளியே இருந்து சாத்தி, படிக்கட்டை முதுகால் அடைத்து நின்றேன். கால் நடுங்கியது. ஏலியாம்மாவின் கை ஞாபகம் வந்தது. நடுங்கிக்கொண்டேதான் அவரும் டீ ஊற்றினார்.

கூட்டத்தில் முன்னால் நின்றவன் என் சொந்தக்காரப் பையன், செல்வம். எனக்கு மகன் முறை.

"சித்தப்பா, நீங்களா? தள்ளுங்க. அவனை எறக்கி விடுங்க."

"எறக்கி விட்டா என்னப்பு செய்வ?"

"அது எங்க சோலி."

"இல்லப்பு, என் சோலி. வண்டிக்குள்ள இருக்கிறவன் என்னை நம்பி ஏறியிருக்கான். நான் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அத்தனை பேரும் வண்டிக்குப் பின்னாலயே வாங்க. அவன் கள்ளன்னா ஒங்க கண்ணு முன்னாலயே உள்ள போடட்டும்."

"வடக்கனுக்காகச் சொந்தத்தைப் பகைக்கிறீங்களா?"

"நீ அடிச்சு அவன் செத்து, நாளைக்கு அது அவன் புள்ளைதான்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளை மூஞ்சிய ஒன்னால பாக்க முடியுமா? ஒன்னையும் சேத்துத்தான்டா காப்பாத்திக்கிட்டு நிக்கிறேன்."

ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். பொத்தான் தெறித்தது. அதற்குள் வேலுச்சாமி அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விடாமல் அலறியது. பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். செல்வம் என் சட்டையைப் பார்த்தான். பிடித்தவன் கையைத் தட்டிவிட்டான். "சரி, பின்னாலயே வர்றோம். ஓரமாப் போடுங்கடா வண்டிய" என்றான்.

போடி காவல் நிலையம் வரை அந்த மோட்டார் சைக்கிள்கள் எங்கள் பின்னால் வந்தன. சப்-இன்ஸ்பெக்டர் எஸ்டேட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். சூப்பர்வைசர் சொல்லி முடிக்குமுன் ஒரு பெண் குரல் போனைப் பிடுங்கியது.

"யாரு சார் அவரைப் பிடிச்சது? அது அவரு மகதான். மங்ரின்னு பேரு, நாங்க மங்கைன்னு கூப்பிடுவோம். அவ ஆத்தாளுக்கு ஆப்பரேசன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடக்கா. புள்ளை ஏங்கிப் போச்சேன்னு நான்தான் பாவாடை கட்டி, பூ வச்சு, பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி சார் நானு. பொறந்ததுல இருந்து எங்கிட்டத்தான் கெடக்குது, அதான் தமிழ் பேசுது."

அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தை அழுகையை நிறுத்தி, போனைப் பார்த்து, "தாயி" என்றது.

ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் அன்பு அந்தப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தது. அதற்காகவே அதன் அப்பனைக் கொல்லப் பார்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. செல்வம் மட்டும் நின்று, ஆட்டோ பிடித்துவந்து சோம்ராவை ஏற்றிவிட்டான். வாசலில் நின்றிருந்த பேச்சியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் என் மேல் புகார் வந்திருந்தது. நிறுத்தங்களில் நிறுத்தவில்லை, பயணிகளைக் கேட்காமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன் என்று. ஞானசேகரன் சார் எதிரே உட்கார்ந்தேன். பேனா மூடியோடு கிடந்தது. முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அவர் உண்மையிலேயே பிள்ளை பிடிக்கிறவரா இருந்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"அப்பவும் இதையேதான் சார். அப்பவும் அடிக்க விட்டிருக்க மாட்டேன். ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பேன்."

பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்காமல் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அடுத்த நாள் என் வண்டியில் அவரே ஏறினார். பாஸ் இருந்தும் டிக்கெட் கேட்டு வாங்கினார். வழிமறித்த அதே ஊரில் இறங்கினார். டீக்கடையில் இருந்த பெரியவர்களிடம் அவர் பேசியதைச் செல்வம்தான் பிறகு என்னிடம் சொன்னான். "எங்க நடத்துநர் சட்டையைக் கிழிச்சிருக்காங்க. கேஸ் கொடுக்கிறது என் உரிமை. கொடுக்கலை. ஆனா இந்த வண்டியில எந்த ஊர்க்காரர் வந்தாலும் இந்த ரோட்டில பத்திரமாப் போவாருன்னு நீங்க சொல்லணும்." ஊர்ப் பெரியவர் எழுந்து நின்று அப்படியே சொன்னாராம். அந்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். அதனால்தான் ஊர்ப் பேரை எழுதவில்லை.

என் உத்தியோகத்தில் பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. அந்த ஒரு நாள் எனக்குப் போதும். நெஞ்சு நிமிர்த்தித்தான் சொல்கிறேன். அதிலும் எனக்குப் பெரிய நிறைவு, பேச்சியம்மாளை நான் வாய்க்கு வந்தபடி பேசவில்லை என்பதுதான். அன்று வண்டியில் அவரை முட்டாள் என்று ஏசியிருந்தால் நாலு பேர் கைதட்டியிருப்பார்கள். அவர் மட்டும் என்றைக்கும் மாறியிருக்க மாட்டார். துன்பப்படுகிறவர் மேல் இரக்கம் வருவது இயல்பு. துன்பம் கொடுக்க வருகிறவரின் பயத்தையும் பார்க்கத் தெரிந்தால்தான் அந்தக் கட்டையைக் கீழே போட வைக்க முடியும். தம்பிக்கு நான் போனில் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை மேலே போகிற வண்டியில் சோம்ரா ஏறினார். கூடவே ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்த மனைவி. தோளில் மங்ரி. வண்டி நிறைந்திருந்தது. அவர் உள்ளே வரவில்லை. படிக்கட்டை ஒட்டி நின்றுகொண்டார். அன்று கூட இருந்தவர்கள் சிலர் வண்டியில் இருந்தார்கள். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

"கண்டக்டரே" என்று பேச்சியம்மாளின் குரல் கேட்டது. "அவுகளை அங்க நிக்க வைக்காதீங்க. வளைவுல புள்ளை தலை இடிக்கும்." பிறகு தானே நகர்ந்து, மூட்டையைக் காலுக்கடியில் தள்ளி, சோம்ராவின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "இங்குட்டு வாத்தா. ஒடம்பு முடியாதவ நிக்கக் கூடாது. ஒக்காரு." மங்ரியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. இப்போது பேச்சு நன்றாகத் திருந்தியிருந்தது.

"நீ ஏன் அன்னைக்குச் சத்தம் போட்ட?"

பேச்சியம்மாள் அதன் தலையைத் தடவினார்.

"பயந்துட்டேன்டி தங்கம். ஒன்னைய யாரோ தூக்கிட்டுப் போறாகன்னு பயந்துட்டேன்."

"எங்கப்பாதான் தூக்கிட்டுப் போனாரு."

"ஆமாத்தா" என்றார் பேச்சியம்மாள். "ஒங்கப்பாதான்." மடியில் இருந்த பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.